ஆறரை மணி ஃபைல்

பெரியவள் அப்பாவின் மேசைக்கு அடியில் தலையை நுழைத்து, நீல வயர் எங்கே போய் முடிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாலில் யாரோ புதிதாக வந்து நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்டது. வந்தவர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எப்ப ஆச்சு?" என்றார். தம்பி சின்னவன் சொன்னான், "விடியக்காலைல. தூக்கத்துலயே போயிட்டாரு." காலையிலிருந்து வருகிறவர்களுக்கெல்லாம் இதே பதில்தான். ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. உள்ளதைச் சொல்கிறவன் ஒரு தடவையாவது தடுமாற மாட்டானா? மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

வயரில் ஒரு கோளாறும் இல்லை. மேசைக்கு அடியில் அந்தப் பழைய கம்ப்யூட்டர், வீட்டில் எல்லோரும் 'பெட்டி' என்று சொல்வது, தன் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. கட்டிலுக்கு மேலே சுவரில் இருந்த கேமராவில் சிவப்புப் புள்ளியும் எரிந்தது. கட்டில்தான் காலியாக இருந்தது. மெத்தையைக் காணோம், விரிப்பைக் காணோம். அவள் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் அப்பாவைக் குளிப்பாட்டி, சட்டை போட்டு, தலை வாரி, ஹாலில் கொண்டுபோய்க் கிடத்தியாகிவிட்டது. "ஏன் இவ்வளவு அவசரம்?" என்று கேட்டதற்குத் தம்பி மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்படியே விட முடியல அக்கா" என்றாள். அப்படியே என்றால் எப்படியே?

அவள் ஒன்றும் சந்தேகப் பிராணி இல்லை. சரி, கொஞ்சம் உண்டு. குளிர்பானக் கம்பெனியில் பாட்டில் பார்க்கிற வேலை அவளுக்கு. வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பெட்டிக்கு ஒரு பாட்டில் எடுத்து, கீறல் இருக்கிறதா, தூசி இருக்கிறதா, மூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். அதையே வருஷக்கணக்காகச் செய்தவளுக்கு எதைப் பார்த்தாலும் கீறல்தான் முதலில் கண்ணில் படும். சின்னவன் அவளுக்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பேர் வைத்திருந்தான். முன்பெல்லாம் அதைச் சிரித்துக்கொண்டு சொல்வான்.

அப்பாவுக்கு முதுகெலும்பில் நோய் பரவி, எழுந்து நடமாட முடியாமல் போனபோது, வேலையையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வந்து உட்கார அவளால் முடியவில்லை. அதற்காகச் சும்மா இருக்கவும் முடியவில்லை. அப்போதுதான் சின்னவன் இந்த ஏற்பாட்டைச் செய்தான். அவனுக்குப் பிரிண்டர் ரிப்பேர் தொழில், வயர் சமாச்சாரமெல்லாம் அத்துப்படி. கட்டிலுக்கு மேலே கேமரா. அது எடுக்கிற படம் சத்தத்தோடு கால் மணிக்கு ஒரு ஃபைலாகப் பெட்டிக்குள் போய் விழும். அந்த ஃபோல்டரை அவள் தன் வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் திறந்துகொள்ளலாம். "எல்லாத்தையும் உக்காந்து பார்க்க எனக்கு ஏதுடா நேரம்? வேலை விட்டு வந்ததும் ஆறரை மணி ஃபைல் ஒண்ணைப் பார்த்துக்குவேன்" என்று அவள் அப்போதே சொல்லிவிட்டாள். அப்படியே தினமும் பார்த்தாள்.

ஆறரை மணி ஃபைலில் அப்பா எப்போதும் நன்றாக இருப்பார். தலையணையில் சாய்ந்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்து வரைக்கும் பட்டன், படிய வாரிய தலை. ஒரு பெரிய ஹோட்டலின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றே காலத்தை ஓட்டியவர் அவர். கேமராவைப் பார்த்து, அறைச் சாவி கேட்டு வந்தவரைப் பார்ப்பது போலச் சின்னதாக ஒரு சிரிப்புச் சிரிப்பார். அதைப் பார்த்துவிட்டுத்தான் அவளுக்குச் சோறு இறங்கும். ஒரு நாள் சட்டைக் காலர் மடங்கியிருந்தால் போதும், உடனே சின்னவனுக்கு ஃபோன் பறக்கும். "ஏன்டா, ஒரு காலரைச் சரி பண்ண முடியாத அளவுக்கு உங்க ரெண்டு பேருக்கும் என்னடா வேலை?" ஒரு நாள் அப்பா படுத்தே இருந்தார். அன்றைக்கு அவள் பேசிய பேச்சில் தம்பி மனைவி அழுதே விட்டாளாம்.

போன ஞாயிற்றுக்கிழமைதான் பெட்டியின் சாஃப்ட்வேரைப் புதுசாக்கினான் சின்னவன். "பழசுலயே ஓட்டினா எவனாவது உள்ள புகுந்துடுவான் அக்கா" என்றான். அன்று சாயங்காலம் ஃபோல்டர் திறக்கவில்லை. திங்கள் திறக்கவில்லை. செவ்வாய் ராத்திரி அவள் பொறுமை போய்விட்டது. "நீ அப்பாவை எந்த லட்சணத்துல வெச்சிருக்கேன்னு எனக்குத் தெரியக் கூடாது, அதுக்குத்தானே கெடுத்து வெச்சிருக்கே?" என்று கேட்டேவிட்டாள். "இல்லக்கா, அப்டேட்ல ஏதோ போயிடுச்சு. பார்க்கிறேன்" என்றான். இன்று சனிக்கிழமை. பார்த்தானா? பார்க்கவில்லை. அதற்குள் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

அதைக்கூட அவள் நம்பியிருப்பாள். காலையில் கை கழுவப் பின்பக்கம் போனபோது சமையலறைக்குள் தம்பி மனைவி குரல் தாழ்த்திக் கேட்டது காதில் விழாமல் இருந்திருந்தால். "அவங்க கேமராவைப் பத்திக் கேட்டா என்னங்க சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. அப்டேட்டுன்னே சொல்லு" என்றான் சின்னவன்.

அவ்வளவுதான். அவள் கையைத் துடைக்கக்கூட இல்லை. நேராக அப்பாவின் அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, பையிலிருந்து லேப்டாப்பை எடுத்துவிட்டாள். மத்தியானத்துக்கு மேல் வண்டி வந்துவிடும். அப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டால் பிறகு யாரிடம் என்ன கேட்பது? ராத்திரி அப்பா பக்கத்தில் யாராவது இருந்தார்களா, கூப்பிட்டாரா, தண்ணீர் கேட்டாரா, கேட்டு ஒருத்தரும் வராமல் போனாரா, அது அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். அந்தப் பெட்டிக்குள் எல்லாம் இருந்தது.

பெட்டியின் பேர் லேப்டாப்பில் தெரிந்தது. அமுக்கினால் சுற்றிச் சுற்றிவிட்டு, 'இணைக்க முடியவில்லை' என்றது. அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டைத் திரும்ப அடித்தாள். அதே பாட்டுத்தான். பிறகு வெட்கத்தை விட்டுத் தன் கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற சிஸ்டம்காரருக்கு ஃபோன் போட்டாள். நல்ல மனுஷர், வாய்தான் நிற்காது.

"பிங் பண்ணிப் பார்த்தீங்களா மேடம்? பதில் வருதா? அப்ப பெட்டி உயிரோடதான் இருக்கு..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "ஐயோ, மன்னிச்சுக்கங்க மேடம். வீடு இருக்கிற நிலைமையில நான் பாட்டுக்கு... இன்னைக்கே பார்க்கணுமா இதை?"

"இன்னைக்கேதான்."

"சரி. லேப்டாப் எந்தக் காலத்துது?"

"நம்ம கம்பெனில கழிச்சுப் போட்டது."

"நான்தான் கழிச்சிருப்பேன்" என்று சிரித்தார் அவர். "விஷயம் இதுதான் மேடம். உங்க லேப்டாப் பழைய பாஷை பேசுது. புது சாஃப்ட்வேர் அந்தப் பாஷையக் காதுலயே வாங்காது. பழசுல ஓட்டை ஜாஸ்தின்னு அவங்களே கதவைச் சாத்திட்டாங்க. வெர்ஷன் ஏத்தினா எல்லா வீட்லயும் வர்ற தலைவலிதான். யாரையும் குத்தம் சொல்ல முடியாது."

அவளுக்கு மூச்சு வந்தது. அப்படியானால் அவன் வேண்டுமென்று செய்யவில்லை. செவ்வாய்க்கிழமை பேசிய பேச்சு நெஞ்சில் வந்து நின்றது. போய் அவன் தோளைத் தொட வேண்டும் போல இருந்தது.

"சரி பண்றது கஷ்டமோ?" என்றாள்.

"கஷ்டமா! செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரி. தெரிஞ்ச ஆளுக்கு டீ ஆர்றதுக்குள்ள முடியுற வேலை."

தெரிந்த ஆள். அந்த மூச்சு அப்படியே நின்றுவிட்டது. ஊரிலுள்ள ஆபீஸ்களுக்கெல்லாம் வயர் இழுத்துக் கொடுக்கிறவனுக்கு இது தெரியாதா? டீ ஆறுகிற நேரத்து வேலைக்கு அவன் ஒரு வாரமாகப் 'பார்க்கிறேன், பார்க்கிறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தானா?

"அந்த வரியை நானே எழுதுறேன். சொல்லுங்க" என்றாள்.

மேசை மேலிருந்த மானிட்டரைப் போட்டாள். பெட்டியின் பாஸ்வேர்டு வீட்டு டெலிஃபோன் நம்பர், அது எல்லோருக்கும் தெரியும். கறுப்புத் திரையில் எழுத்துகள் மட்டும்தான் வந்தன. படம் காட்டுகிற வசதியெல்லாம் அதில் கிடையாது. சிஸ்டம்காரர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அவள் தட்டினாள். செட்டிங்ஸ் திறந்தது. கீழே இறக்கிக்கொண்டே வந்தாள். நின்றாள்.

"நீங்க சொல்ற வரி இதுல ஏற்கெனவே இருக்குதுங்க" என்றாள். "முன்னாடி மட்டும் ஒரு குறி இருக்கு. ஃபோன்ல நம்பர் அடிச்சு முடிச்சதும் அமுக்கச் சொல்வாங்களே, அந்தக் கட்டம் போட்ட குறி."

சிஸ்டம்காரர் அந்த வரியை எழுத்தெழுத்தாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

"அந்தக் குறி இருந்தா பெட்டி அந்த வரியைப் படிக்காது மேடம். தாண்டிப் போயிடும்" என்றார் பிறகு. "யாரோ சரியா எழுதியிருக்காங்க. எழுதிட்டு, நிறுத்தியும் வெச்சிருக்காங்க."

"தானா வந்திருக்குமோ?"

"தானா வராது. கையால செஞ்சது. கடைசியா என்னைக்கு மாத்தினாங்கன்னு பார்த்துடலாம். நான் சொல்றதை அடிங்க."

அடித்தாள். செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் ஆறு மணியைத் தாண்டி.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சரி பண்ணி, சரியாகிவிட்டது என்று தெரிந்து, அதற்குப் பிறகு வேண்டுமென்றே சாத்தியிருக்கிறான். அதே ராத்திரி அவளிடம், 'அப்டேட்ல ஏதோ போயிடுச்சு' என்றும் சொல்லியிருக்கிறான். கூடப் பிறந்தவன். சின்ன வயசில் பொய் சொன்னால் காது சிவந்துவிடும் அவனுக்கு. ஃபோனில் காது எங்கே தெரிகிறது?

"அந்தக் குறியை எடுத்துட்டு சேவ் பண்ணி, ஒரு தடவை நிறுத்தி ஓட்டுங்க மேடம், திறந்துடும்" என்றார் சிஸ்டம்காரர். பிறகு தயங்கி, "பொறுமையாப் பாருங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டார்.

குறியை எடுத்தாள். நிறுத்தி ஓட்டினாள். லேப்டாப்பில் ஃபோல்டர் திறந்துகொண்டது. ஃபைல்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரு நாளும் விடுபடவில்லை. நேற்று ராத்திரி வரைக்கும், இன்று விடியற்காலை வரைக்கும், இந்த நிமிஷம் அவள் இங்கே உட்கார்ந்திருப்பது வரைக்கும் இருந்தது. விடியற்காலை ஃபைலின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். அமுக்கவில்லை. முதலில் செவ்வாய்க்கிழமை ஆறு மணி ஃபைலைப் பார்த்துவிடலாம், என்ன திருட்டுத்தனம் என்று தெரிந்துகொண்டு அதற்கப்புறம் இதைப் பார்க்கலாம் என்று மேலே ஏற்றினாள். சத்தத்தை மிகக் குறைவாக வைத்துக் காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

அப்பா படுத்திருந்தார். சட்டை இல்லை. பழைய பனியன். தலை கலைந்து, தாடி முளைத்து, வாய் லேசாகத் திறந்து கிடந்தார். பார்த்தாயா, என்று அவளுக்குள் ஒன்று எழுந்தது, இதைத்தான் மறைத்திருக்கிறான். கால்மாட்டில் சின்னவன் மடியில் கீபோர்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஆயிடுச்சுப்பா" என்றான் அவன். "அக்காவோட லேப்டாப்தான் பழசு. இனிமே திறக்கும்."

அப்பா கண்ணைத் திறந்தார். "இன்னைக்கே தெரியுமா அவளுக்கு?"

"தெரியும். ஆறரைக்குப் பார்த்துடுவா."

அப்பா கையை ஊன்றி எழப் பார்த்தார். "அப்ப உக்கார வைடா. மணி ஆகுது. சட்டை எங்க? சீப்பை எடு."

சின்னவன் ஓடி வந்து அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். தம்பி மனைவி சட்டையோடு வந்து மறுபக்கம் பிடித்தாள். அப்போது அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பெரியவள் அதை ஜென்மத்தில் கேட்டதில்லை. அப்பாவின் குரல் என்றே முதலில் அவளுக்குத் தோன்றவில்லை. பாதி தூக்கியபடியே இருவரும் நின்றுவிட்டார்கள்.

"பொறு, பொறு. நாலு தலையணை வை. மூணு வெச்சா சாய்ஞ்சாப்ல தெரியுது, அவ கண்டுபிடிச்சிடுவா" என்றார் அப்பா, மூச்சு வாங்க. பட்டனைப் போட ஆரம்பித்தாள் தம்பி மனைவி. கழுத்துப் பட்டன் வரைக்கும் வந்தபோது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் கண்ணீர் ஓடியது. ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது.

"முடியலடா" என்றார். "ரெண்டு நாள் பெட்டி கெட்டுப் போச்சுல்ல, நல்லா இருந்துச்சு. அதைத் திரும்பக் கெடுத்துடேன்."

"அப்பா..."

"ரிப்பேர் ஆகலன்னு சொல்லிடு. அவகிட்ட நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத. தினம் நான் சட்டை போட்டு உக்காந்ததெல்லாம் அவளுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவா. அவ அங்க தனியா உக்காந்து அழுவா."

"என்னையில்ல திட்டுவா" என்றான் சின்னவன்.

"திட்டத்தான் செய்வா. நீ வாங்கிக்கோ. எனக்காக வாங்கிக்கோடா."

சின்னவன் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "இன்ஸ்பெக்டர்கிட்ட திட்டு வாங்குறது எனக்கென்ன புதுசா? படுங்க." அப்பாவை மெதுவாகச் சாய்த்தார்கள். தம்பி மனைவி பட்டன்களைக் கழற்றிவிட்டாள். சின்னவன் கீபோர்டை எடுத்து ஒரே ஒரு விசையைத் தட்டினான். அப்புறம் சேவ் பண்ணி, நிறுத்தி ஓட்டினான். அப்பா ஒருக்களித்துப் படுத்து, காலை மடக்கிக்கொண்டு, ஆஹ் என்று ஒரு பெருமூச்சு விட்டார். அந்த மூச்சோடு ஃபைல் முடிந்தது.

பெரியவள் லேப்டாப்பைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு பெட்டிக்கு ஒரு பாட்டில். எந்தப் பாட்டிலை எடுக்கப் போகிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதை மட்டும் துடைத்து வைத்துவிடுவார்கள், அப்புறம் சோதனைக்கே அர்த்தமில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்த பாடம் அது. அவளே தன் வாயால் சொல்லியிருந்தாள், ஆறரை மணி ஃபைல் ஒன்றைத்தான் பார்ப்பேன் என்று. பார்த்து, நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியும் இருந்தாள். காலர் மடங்கியிருக்கிறது என்று ஃபோன் வேறு. அவளுக்குத் தன் முகத்திலேயே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. வாயைப் புறங்கையால் அழுத்திக்கொண்டாள்.

ஃபோல்டரின் அடிப்பக்கத்தில் விடியற்காலை ஃபைல் இருந்தது. அதை அமுக்கினால் தெரிந்துவிடும். அவள் அதைப் பார்த்தாள், அதன் பேரை ஒரு தடவை படித்தாள். பிறகு ஃபோல்டரை மூடினாள். கறுப்புத் திரைப் பக்கம் திரும்பி, அந்த வரியைத் தேடிப் பிடித்து, அதன் முன்னால் கட்டம் போட்ட குறியைத் திரும்ப வைத்தாள். சேவ் பண்ணினாள். நிறுத்தி ஓட்டினாள். லேப்டாப்பில் ஒரு தடவை அமுக்கிப் பார்த்தாள். சுற்றிச் சுற்றிவிட்டு, 'இணைக்க முடியவில்லை' என்றது.

கதவு லேசாகத் திறந்தது. சின்னவன் கையில் காபியோடு நின்றான். அவன் கண் முதலில் மானிட்டருக்குப் போயிற்று, பிறகு லேப்டாப்புக்கு. காது சிவந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணும் சாப்பிடல நீ" என்றான். "ஃபோல்டர் வருதா?"

"வரலடா."

அவன் அவளையே பார்த்தான். "அப்டேட்ல ஏதோ போயிருக்கு. எல்லாம் முடிஞ்சப்புறம் உக்காந்து பார்க்கிறேன்."

"பரவால்ல, விடு. என் லேப்டாப்தான் பழசு" என்றாள். சொன்ன பிறகுதான், அது ஃபைலில் அவன் அப்பாவிடம் சொன்ன அதே வார்த்தை என்று உறைத்தது. காபியை மேசையில் வைத்துவிட்டு, "ராத்திரி முழுக்க நான் பக்கத்துலதான் இருந்தேன்க்கா" என்றான். "சரி" என்றாள். அவன் கையை ஒரு தடவை பிடித்து விட்டாள்.

ஹாலில் அப்பாவின் பழைய ஹோட்டல் சிநேகிதர் ஒருவர், வரவேற்பு மேசையில் அவரோடு சேர்ந்து நின்றவர், அப்பாவின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். "பாரேன்மா, அப்படியே டியூட்டிக்குக் கிளம்பினாப்ல இருக்கார் மனுஷன்" என்றார் அவளிடம். உண்மைதான். இஸ்திரி போட்ட வெளிர்நீலச் சட்டை, படிய வாரிய தலை. காலர் கொஞ்சமும் மடங்கவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்த தம்பி மனைவி, பெரியவள் வருவதைப் பார்த்ததும் அவசரமாக எழுந்து, அப்பாவின் சட்டையில் எங்காவது சுருக்கம் இருக்கிறதா என்று பார்வையால் தேடினாள்.

"நல்லாத்தாம்மா போட்டிருக்கே" என்றாள் பெரியவள். "நீ உக்காரு."

அவள் அப்பாவின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள். வந்தவர்கள் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். அவள் கையை நீட்டி, அப்பாவின் கழுத்துப் பட்டனைக் கழற்றினாள். துணி புதுசு, விறைப்பாக இருந்தது. பிறகு அதற்குக் கீழே இருந்ததையும் கழற்றினாள்.